கேட்பவர் யார், கொடுப்பவர் யார்? – இணையச் சொற்களுக்கு ஓர் அறிமுகம்

(கொடைக்கானலில் நூலக வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்கள் இ-பாஸ் என்னும் இணைய அனுமதி பெற்றுக்கொண்டே மலையேற வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டுக் கோடையில், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களுமே அனுமதிக்கப்படும் என்ற வரம்பும் அதனோடு சேர்ந்தது. உள்ளூர்வாசிகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அறை வாடகைக்கு விடுபவர், டாக்ஸி ஓட்டுபவர், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்பவர், மலைப்பூண்டு விற்பவர் என்று சுற்றுலாப் பிரயாணியை நம்பிப் பிழைக்கும் அத்தனை பேரையும் அந்த உத்தரவு இணையத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. “சர்வர் டவுன்”, “ஓ.டி.பி. வரவில்லை”, “லிங்க் அனுப்புங்கள்”, “கியூஆர் ஸ்கேன் ஆகவில்லை” என்ற பேச்சுக்கள் அதற்குப் பிறகு டீக்கடைகளில் மழையையும் பனியையும் பற்றிய பேச்சைப் போலச் சகஜமாகிவிட்டன. சொற்கள் சகஜமாகிவிட்டபோதிலும் அவற்றின் பொருள் விளங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. இன்றைய பிரசங்கத்துக்கு அதுவே காரணம்.

இச்சொற்களை அகராதிக் கிரமத்தில் ஒப்பிப்பது என் நோக்கமன்று. இருபது சொற்களுக்குத் தனித்தனியே பொருள் சொன்னால் வீடு போய்ச் சேருவதற்குள் பதினைந்து மறந்துவிடும். அவற்றையெல்லாம் ஒரே இழையில் கோக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதை முதலில் பற்றிக்கொண்டால் சொற்கள் தாமே தத்தம் இடத்தில் போய் அமரும்.

நம் மலைமேல் வானொலிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கோடைப் பண்பலை அங்கிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பாடலையும் செய்தியையும் சமவெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வானொலிப் பெட்டியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அலை வந்துகொண்டே இருக்கும். பத்து பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்கு வேலை ஒன்றே. யார் கேட்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. இணையத்தின் லக்ஷணம் இதற்கு நேர்மாறானது. அங்கே யாராவது கேட்டால்தான் விடை புறப்படும். கேட்டவருடைய யந்திரத்துக்கு மட்டுமே அது வந்து சேரும். ஆகவே, கேட்பவர் யார் என்பது விடையளிப்பவருக்கு ஓரளவேனும் தெரிந்தாக வேண்டும். பத்தாயிரம் பேர் ஒரே கணத்தில் கேட்டால் விடையளிக்கும் யந்திரம் திணறும்; விடுமுறைக்கு முந்திய இரவில் “சர்வர் டவுன்” என்று நாம் சலித்துக்கொள்வது இதைத்தான். ஆக, இணையம் என்பது யந்திரங்களுக்கிடையே ஓயாமல் நடக்கும் வினாவும் விடையும். அதில் வழங்கும் சொற்களில் மிகப்பல கேட்பவரையோ, விடையளிப்பவரையோ, இடையிலுள்ள பாதையையோ, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அடையாளத்தையோ குறிப்பவை.

இந்த வினா-விடையின் தொடக்கம் 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணினி ஒன்று ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக் கணினிக்குச் செய்தி அனுப்ப முயன்றபோது நேர்ந்தது. ‘லாகின்’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அனுப்பத் தொடங்கினார்கள். முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அப்பக்கத்துக் கணினி முடங்கிவிட்டது. நம் தேசத்தில் பொதுமக்களுக்கு இணைய சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அதை முதலில் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று.

இனி, கேட்பவர் பக்கத்திலிருந்து தொடங்குவோம். இ-பாஸ் வேண்டி ஒருவர் செல்போனைக் கையில் எடுக்கிறார். குரோம் என்றோ வேறு பெயரிலோ அதிலிருக்கும் பிரவுசர் அவருக்காகக் கேள்வியை எடுத்துச்சென்று, வந்த விடையைத் திரையில் ஒழுங்காக விரித்துக் காட்டும் சாதனம். பெரும்பாலும் ஒரே நிறுவனத்தோடு பேசுவதற்காக அந்நிறுவனமே செய்து கொடுக்கும் தனிச் சாதனத்துக்கு ஆப் என்று பெயர். கூகுள் போன்ற தேடுபொறி இவ்விரண்டிலும் சேராது. உலகத்து இணையப் பக்கங்களைப் படித்துப் பொருளடக்கம் தயாரித்து வைத்துக்கொண்டு, நாம் ஒரு சொல்லைச் சொன்னால் அது காணப்படும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுவது அதன் தொழில். அந்த வரிசையின் உச்சியில் சில சமயம் பணம் கொடுத்தவரின் விளம்பரம் நிற்கும். அது விளம்பரம் என்ற குறிப்பும் சிறிய எழுத்தில் அருகே இருக்கும். “கொடைக்கானல் இ-பாஸ்” என்று தேடி, முதலில் வந்ததைத் தொட்டு, இலவசமாகக் கிடைக்க வேண்டிய அனுமதிக்குக் கட்டணம் கேட்கும் பக்கத்தில் போய்ச் சிக்காமலிருக்க இந்தச் சிறு குறிப்பைக் கவனிப்பது அவசியம்.

அதைவிட அவசியமானது முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது. இ-பாஸ் வழங்கும் தளத்தின் முகவரியை உரக்கப் படித்தால், ‘இபாஸ் புள்ளி டிஎன்இஜிஏ புள்ளி ஓஆர்ஜி’ என்று வரும். நாம் இடமிருந்து வலமாகப் படித்தாலும், அதன் அதிகாரம் வலமிருந்து இடமாக இறங்கி வருகிறது. கடைசியிலுள்ள ‘ஓஆர்ஜி’ ஒரு பெரிய வகுப்பு. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அதில் இடம் பெறலாம். அதற்கு முன்னால் நிற்பதே உரிமையாளரைக் காட்டும் பெயர். இங்கே அது தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் பெயர்ச்சுருக்கம். இந்த இரண்டும் சேர்ந்ததே டொமைன். அதற்கும் முன்னால் நிற்கும் ‘இபாஸ்’ அவர்கள் தம் இடத்துக்குள் பிரித்துக்கொண்ட ஒரு பகுதி. மோசக்காரன் ‘இபாஸ்’, ‘டிஎன்இஜிஏ’, ‘கொடைக்கானல்’ என்று நல்ல சொற்களையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டுக் கடைசிப் புள்ளிக்கு முன்னால் தன் பெயரை வைத்திருப்பான். அவசரத்தில் முன்பகுதியை மட்டும் படிப்பவர் ஏமாந்துபோவார். ‘ஜிஓவி புள்ளி இன்’ என்று முடியும் பெயர்கள் மட்டும் அரசாங்கத்துக்கே ஒதுக்கப்பட்டவை; தனியார் அவற்றைப் பெற முடியாது. சில பிரவுசர்களில் முகவரியின் பக்கத்தில் காணும் பூட்டுக் குறியைப் பற்றியும் ஒரு சந்தேகம் தீர வேண்டும். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று அது நற்சான்று வழங்குவதில்லை; திருடனும் தன் தளத்துக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்களெல்லாம் மனிதர்களுக்காக ஏற்பட்டவை. யந்திரங்கள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. அந்த எண்ணே ஐ.பி. முகவரி. பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே சாத்தியம் என்பதால், அவை போதாமல், மிகப் பெரும் எண்ணிக்கையுள்ள புதிய முறையும் இன்று கூடவே வழங்குகிறது. நாம் சொல்லும் பெயருக்கு உரிய எண் எது என்று கேட்டவுடன் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர்; 1983-இல் அமைந்த அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நாம் ஒவ்வொருவரும் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பாதை. செய்தி முழுதாக ஒரே மூட்டையாகப் போவதில்லை. பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் சேரவேண்டிய இடத்தின் எண்ணையும் தன் வரிசையைக் காட்டும் குறிப்பையும் தாங்கிப் போகிறது. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்தும் மற்ற பக்கங்களிலிருந்தும் பாதயாத்திரையாகப் பழனிக்கு நடப்பவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு பாதையில் நெரிசல் என்றால் வேறு பாதையில் திரும்பி, முன்பின்னாக வந்தாலும் அடிவாரத்தில் ஒன்று கூடிவிடுவதைப் போல, இத்துண்டுகளும் வெவ்வேறு வழியாக ஓடி, போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசைப்படி மீண்டும் ஒன்றாகின்றன. ஏதேனும் ஒன்று வந்து சேரவில்லையென்றால் அது மட்டும் மறுபடி அனுப்பப்படுகிறது. சந்திகளில் நின்று, எந்தத் துண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். ஊருக்கு ஊர் இத்துண்டுகளைச் சுமப்பது பெரும்பாலும் ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழை. அதனுள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது; அதன் மறுமுனையை அடைய ஒளிக்கு ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கே போதும். பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இத்தகைய இழையால் இணைக்கும் பணியின் நோக்கம், இந்தப் பாதையை மன்னவனூரையும் தாண்டிக்குடியையும் ஒத்த ஊர்களின் வாசல்வரை கொண்டு சேர்ப்பதே.

இங்கே இந்த மலையில் அன்றாடம் எழும் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விடுதி அறையில் தங்கியிருக்கும் பிரயாணி, செல்போனில் வைஃபை கோடுகள் முழுமையாக இருப்பதைக் காட்டி, “நெட் மட்டும் வரவில்லையே, ஏன்?” என்று விடுதிக்காரரிடம் சண்டைக்கு வருகிறார். வைஃபை என்பது அவருடைய செல்போனுக்கும் வராந்தாவில் மாட்டியிருக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்துக்கு மட்டும் பொறுப்பு. மழையில் வத்தலக்குண்டுச் சாலையில் மண் சரிந்து எங்கோ இழை அறுந்திருந்தால், கோடுகள் முழுமையாக இருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்காது. இதற்கு நேர்மாறாக, “டவர் கிடைக்கவில்லை” என்று நாம் சொல்வது செல்போன் கம்பெனியின் கோபுரத்துக்கும் நம் கைக்கும் இடையிலுள்ள தடையைக் குறிக்கிறது. செல்போன் அலைகள் அனேகமாக நேர்கோட்டில் போகிறவை. பண்பலையின் நீண்ட அலைகளைப் போல மேட்டை வளைந்து தாண்டும் சாமர்த்தியம் அவற்றுக்குக் குறைவு. ஆகையால் ஒரு கொண்டையூசி வளைவில் முழுமையாக இருந்த சிக்னல் அடுத்த வளைவில் அறவே அற்றுப்போவதில் ஆச்சரியம் இல்லை. தடை எந்தப் பகுதியில் என்று பிரித்தறியத் தெரிந்தவர் வீணாக யாரையும் கோபிக்க மாட்டார்.

பாதையின் மறுமுனையில் இருப்பது சர்வர். கேட்டதைக் கொடுப்பதற்காக இரவும் பகலும் அணையாமல் விழித்திருக்கும் கணினி. அத்தகைய கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய கட்டடத்துக்கு டேட்டா சென்டர் என்று பெயர்; சென்னையில் சிறுசேரி, அம்பத்தூர்ப் பக்கங்களில் அவை உண்டு. அவற்றின் சூட்டைத் தணிப்பதற்கே ஏராளமான மின்சாரம் செலவாகிறது. “என் போட்டோவெல்லாம் கிளவுடில் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், வேறொருவருக்குச் சொந்தமான இப்படிப்பட்ட கட்டடத்துக் கணினியில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாடகைக்கோ இலவசமாகவோ வைத்திருக்கிறார் என்று பொருள். ஆகாயத்தில் எதுவும் மிதப்பதில்லை. நிபந்தனைகளைப் படிப்பது நலம்.

அளவைகளைப் பற்றிச் சொல்ல நம் ஊரிலேயே உத்தமமான உதாரணம் இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே எடுத்துச் சேர்த்த சூரியப் படங்களின் கண்ணாடித் தகடுகள் உலகத்தில் அபூர்வமான செல்வம். அவை விரிசல் விடலாம், பூஞ்சை பிடிக்கலாம், பார்க்க விரும்புபவர் மலையேறி வந்தே தீர வேண்டியிருந்தது. இவற்றை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் உருவத்துக்கு மாற்றியது. மாற்றுவது எப்படி? படத்தை நீளவாக்கில் 4,096, அகலவாக்கில் 4,096 கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் பிரகாசத்தையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். ஒரு படத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் அடங்கும். ஒவ்வொன்றின் எண்ணுக்கும் இரண்டு பைட் இடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்குச் சுமார் 33 மெகாபைட் ஆகும். இப்படியாக எண்ணுருப் பெற்றதை நம்மிடமிருந்து சர்வருக்கு அனுப்புவது அப்லோடு. சர்வரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்வது டவுன்லோடு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இணையத்தின் வேகத்தைக் கம்பெனிகள் பிட் கணக்கில் சொல்கின்றன. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே, “10 எம்.பி.பி.எஸ். வேகம்” என்ற இணைப்பில் அந்த 33 மெகாபைட் படம் மூன்று விநாடியில் இறங்கிவிடும் என்று எண்ணுபவர் ஏமாறுவார்; அதற்கு ஏறக்குறைய 27 விநாடி பிடிக்கும். நூறாண்டுக்கு முன் இம்மலையில் ஒருவர் எடுத்த சூரியப் படத்தை, இன்று எந்தத் தேசத்து மாணவனும் தன் மேஜையில் அமர்ந்தபடி கேட்டுப் பெறலாம் என்பதை நினைக்கும்போது, இந்தக் கேள்வி-பதில் யந்திரத்தின் மகிமை விளங்கும்.

கடைசியாக, அடையாளங்கள். இணையத்தில் சர்வருக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் அதற்குப் புதிய ஆளின் கேள்வி. இந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது குக்கீ. சர்வர் நம் பிரவுசரில் எழுதி வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு அது. மறுமுறை நாம் போகும்போது அக்குறிப்பைக் கண்டு நம்மைத் தெரிந்துகொள்கிறது. இதன் பிரயோஜனம் பெரிது, துர்ப்பிரயோகமும் உண்டு. ஒருவர் மதுரையில் இருந்துகொண்டு கொடைக்கானலில் அறை தேடினார் என்றால், அதன் பிறகு செய்தித் தளத்தைத் திறந்தாலும் சமையல் குறிப்பைத் திறந்தாலும் கொடைக்கானல் விடுதி விளம்பரங்களே கண்ணில் படுவதற்கு, விளம்பரக் கம்பெனிகள் விட்டுச்செல்லும் இத்தகைய குறிப்புகள் ஒரு முக்கிய காரணம்.

பாஸ்வேர்டு நீண்டகாலம் இருக்கும் ரகசியம், ஓ.டி.பி. ஒருமுறைக்கு மட்டும், சில நிமிஷங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசியம். இ-பாஸ் தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்ததும் வரும் ஓ.டி.பி., அந்த எண்ணுள்ள செல்போன் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கிறது. பின்னர், வாகன எண்ணும் வருகிற நாளும் தங்குமிடமும் பதிந்து பெற்ற பாஸில் கியூஆர் கோடு இருக்கும். ஜப்பானில் 1994-இல் மோட்டார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவான அந்தச் சதுரத்தின் மூன்று மூலைகளிலுள்ள பெரிய கட்டங்கள், எந்தக் கோணத்திலிருந்து படம் பிடித்தாலும் எது மேல்பக்கம் என்று கேமராவுக்குச் சொல்வதற்காக ஏற்பட்டவை. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சோதனைச் சாவடியில் நிற்கும் ஊழியர் அதை ஸ்கேன் செய்து பாஸைச் சரிபார்க்கிறார். கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடும் இவ்வகையே. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. ஏற்பாட்டில் பணம் போய்ச் சேரவேண்டிய கணக்கு எது என்பதை அது சொல்கிறது.

இதுவரை சொன்னவற்றில் கேள்வி கேட்டவர் நாம். இணையத்தில் நேரும் மோசங்களுள் மிகுதியானவை, இந்த முறை தலைகீழாகும்போது நடக்கின்றன. அதாவது, நாம் யாரையும் எதுவும் கேட்காமலிருக்கையில் யாரோ நம்மைக் கேட்கத் தொடங்குகிறார்கள். “பாங்கிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்பவர் நம்மைக் கேட்கிறார். பூண்டு வாங்க முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, “இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்பவரும் நம்மைக் கேட்கிறார்; யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்ற ஒரு விதி தெரிந்தவரிடம் இவர் வித்தை பலிக்காது. கல்யாணப் பத்திரிகை என்று பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ என்ற கோப்பு, பத்திரிகை வேடத்தில் வரும் ஆப். அதை நிறுவிக்கொண்டால் நமக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களை எல்லாம் வேறொருவன் படிக்கக் கூடும். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, “டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்” என்று மிரட்டுகிறவன் சொல்வது நம் தேசத்துச் சட்டத்தில் எங்கும் இல்லாத ஒன்று. இவற்றில் எதிலாவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணத்தை வழியில் நிறுத்திவைக்கும் சாத்தியம் கூடுகிறது.

ஆகவே, புதிய சொல் எது வந்தாலும் மிரள வேண்டாம். கேட்பவர் யார், கொடுப்பவர் யார், இடையில் எது பாதை, எந்த அடையாளம் கேட்கப்படுகிறது என்ற நான்கையும் விசாரித்துப் பாருங்கள். சொல்லின் பொருள் பாதி தெளிந்துவிடும். தெளியாத பாதியைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அவர்களைச் சலிப்பின்றிச் சொல்லித் தரும்படி நான் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஓர் அனுமதியை, ஓர் உதவியை, ஒரு சான்றிதழை இணையத்தில் கேட்டால்தான் தருவோம் என்று விதிப்பவர்கள், அப்படிக் கேட்கும் சக்தியைக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உண்டாக்கித் தரக் கடமைப்பட்டவர்கள். டவர் எட்டாத கிராமத்துக்கு இழை வர வேண்டும்; செல்போன் இல்லாத மூதாட்டிக்கு எட்டும் தூரத்தில் இ-சேவை மையம் திறந்திருக்க வேண்டும்; படிவத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். இவற்றை வற்புறுத்திக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிரவுசரில் கேட்கத் தெரிந்துகொள்வது போலவே, கிராம சபையிலும் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்.